இடுப்பளவு நீருக்கு அப்பால்



ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பிரசங்கித்து வந்திருக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, கொரிந்து பட்டணத்தின் அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மியப் போட்டிகளைப் பற்றியும், வென்றவனுக்குச் சூட்டப்பட்ட, வாடிப்போகும் இலைமுடியைப் பற்றியும் வேதாகமக் கல்லூரியில் கற்றதையெல்லாம் விவரித்திருக்கிறேன். சபையாரும் தலையசைத்துக் கேட்டார்கள். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில், நகரப் பேருந்தைப் பிடிப்பதற்காக ஓடியதைத் தவிர, வேறெதற்கும் நான் ஓடியதில்லை.

தண்ணீரின் காரியமும் அப்படியே. ஞானஸ்நான ஆராதனைகளில் இடுப்பளவு நீரில் நின்று எத்தனையோ பேரை மூழ்கச் செய்து தூக்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு முழம்கூட ஆழத்திற்குச் சென்றதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. இந்த மாதம் அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஏனெனில் 2025 ஜனவரியில், என் ஐம்பத்துநான்காம் வயதில், டிரையத்லான் என்னும் மும்முனைப் போட்டி ஒன்றில் நான் பங்கெடுத்தேன்.

மருத்துவர் காட்டிய எண்

2024 பிப்ரவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றில் சர்க்கரை 148 என்று வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 7.4. மருத்துவர் தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, "பாஸ்டர், உட்கார்ந்தே வேலை செய்கிறீர்கள். போகிற வீடுகளிலெல்லாம் தேநீரும் பலகாரமும் சாப்பிடுகிறீர்கள். மாத்திரை தருகிறேன். ஆனால் மாத்திரை மட்டும் போதாது" என்றார்.

வீட்டில் இதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. தாளைக் கண்டெடுத்தவன் என் மகன். அவன் ஹிஞ்ஜவடியில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறான். எங்களுக்குள் சில ஆண்டுகளாகப் பேச்சு குறைந்திருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவன் சனிக்கிழமை அதிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் அதைக் குறித்து ஏதாவது சொல்லுவேன். அவன் பதில் சொல்லமாட்டான். சொந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம்முடைய குடும்பங்கள் பலவற்றில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே இப்படியொரு மௌனம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மற்ற வீடுகளில் அதைச் சரிசெய்ய ஆலோசனை கூறுகிறவன், என் வீட்டில் அதை இருந்தபடியே விட்டுவைத்திருந்தேன்.

அன்று இரவு அவன் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, "அப்பா, நீங்கள் தனியாக நடைப்பயிற்சி தொடங்கினால் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவீர்கள். என்னோடு வாருங்கள்" என்றான். எங்கே என்று கேட்டேன். அப்பொழுதுதான் டிரையத்லான் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டேன்.

மும்முனைப் போட்டி என்பது என்ன?

நீந்தி முடித்து, உடனே சைக்கிள் ஓட்டி, அதன்பின் உடனே ஓடி முடிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தே ஒரே போட்டி. இடையில் கடிகாரம் நிற்பதில்லை.

இந்தப் பெயரோடு இன்றைய போட்டியின் தொடக்கமாகக் கருதப்படுவது, 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், மிஷன் பே என்னுமிடத்தில் ஓர் ஓட்டக் கழகத்தார் நடத்திய போட்டி. அதில் 46 பேர் பங்கெடுத்தார்கள். அவர்களில் இருந்த ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்னும் தம்பதியர்தாம் பின்னர் 1978-இல் ஹவாயில் 'அயர்ன்மேன்' என்னும் நெடுந்தூரப் போட்டிக்கு வித்திட்டவர்கள். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றது. நம் நாட்டில் 2019 அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் பெயரிலான அரைத்தூரப் போட்டி முதன்முறையாக நடந்தது.

முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அதைக் கேட்டதும் நான் எழுந்து போகப் பார்த்தேன். "அது நமக்கல்ல அப்பா. நமக்குக் குறுந்தூரம்" என்று மகன் அமரச் செய்தான். ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தக் குறுந்தூரப் போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். வேலைக்குச் செல்கிறவர்களும் குடும்பப் பெண்களும் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நான் சொல்லக்கூடிய சாக்குகள் இரண்டு. முதலாவது வயது. அதற்கு அவன் மடோனா பூடர் என்னும் அமெரிக்கக் கன்னியரைப் பற்றிச் சொன்னான். 1930-இல் பிறந்த அந்த அம்மையார் நாற்பத்தெட்டாம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். முதல் டிரையத்லானை முடித்தபோது வயது ஐம்பத்திரண்டு. 2012-இல் எண்பத்திரண்டாம் வயதில் கனடாவில் முழு அயர்ன்மேன் தூரத்தைக் கெடுவுக்குள் முடித்தார். இரண்டாவது சாக்கு, இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பது. அவன் தேடி எடுத்திருந்த போட்டியோ சனிக்கிழமை. எனக்குத் தப்ப வழியில்லாமற்போயிற்று.

மூன்றாவது காரணத்தை நான் சொல்லவில்லை.

மகன் ஆசிரியனான காலம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் பெரிய பையன்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். அப்படித்தான் அக்காலத்தில் நீச்சல் பழக்குவார்கள். மற்றவர்கள் கை கால் அடித்து மேலே வந்துவிடுவார்கள். நான் வரவில்லை. வாயைத் திறந்தபடி பச்சை நிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கீழே போனது நினைவிருக்கிறது. என் சித்தப்பா குதித்துத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார். அதன்பின் நான் கிணற்றுப் பக்கம் போகவில்லை. பிழைப்புக்கும் ஊழியத்துக்குமாகப் புனே வந்து சேர்ந்தபோது, அந்தக் கிணற்றையும் விட்டுவிட்டு வந்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

மார்ச் மாதம் மாநகராட்சி நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் நின்றபோது என் முழங்கால்கள் நடுங்கின. மகன் அதைக் கவனித்தான். அங்கே வைத்துத்தான் முதன்முதலாகக் கிணற்றுக் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்படியானால் நீந்துவதைப் பிறகு பார்ப்போம். முதலில் மூச்சை வெளியே விடப் பழகுங்கள்" என்றான்.

நீச்சலில் எனக்குத் தெரியாதிருந்த உண்மை இதுதான். தண்ணீருக்குள் மூச்சு முட்டுவதாக நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் காற்று உள்ளே போகாததால் அல்ல. உள்ளே தேங்கிய கரியமிலவாயு வெளியேறாததால். பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். பிடித்துக்கொண்டதனாலேயே மேலும் மூச்சு முட்டுகிறது. மேலும் பயப்படுகிறான். முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கினாலும் வாயினாலும் குமிழ் குமிழாக ஊதிவிட வேண்டும். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்று தானாக உள்ளே வரும். இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் இதுதான். ஆறு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டி நீந்திப் போனார்கள். குளத்துக்கு வந்த சபைக் குடும்பம் ஒன்று, தங்கள் போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு குமிழ் ஊதுவதைக் கண்டு, வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது.

பிறகு மகன் தன் கையை என் வயிற்றின்கீழ் வைத்து மிதக்கப் பழக்கினான். கிர்க்கியில் குடியிருந்த நாட்களில் அவனுக்குச் சைக்கிள் பழக்கியபோது இருக்கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடியது நினைவுக்கு வந்தது. அன்று நான் கையை எடுத்ததை அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் ஒருநாள் எனக்குச் சொல்லாமல் கையை எடுத்தான். பத்தடி மிதந்தேன்.

மே மாதம் 25 மீட்டர் நீந்தினேன். செப்டம்பரில் நின்று நின்று 500. டிசம்பரில் 750. வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டமும் நடையும் கலந்து. ஒரு நாள் முழு ஓய்வு. நவம்பரில் எடுத்த பரிசோதனையில் 7.4 என்பது 6.5 ஆகியிருந்தது. மருத்துவர் இதயத்தையும் சோதித்து, மெதுவாகப் போவதானால் போகலாம் என்று அனுமதித்தார்.

ஏரியின் நடுவே

போட்டி நடந்த இடம் புனேயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் அணையின் நீர்த்தேக்கம். விடியுமுன் குளிரில் வரிசையில் நின்றோம். புயத்திலும் காலிலும் அழியாத மையினால் எண் எழுதினார்கள். நேரத்தைப் பதிவு செய்யும் சிப் ஒன்றைக் கணுக்காலில் கட்டினார்கள். எனக்குக் கிடைத்தது ஆரஞ்சு நிறத் தொப்பி. முதன்முறை பங்கெடுக்கிறவர்களின் அணிக்கு அந்த நிறம். மகன் முன்னணியில் நீலத் தொப்பியுடன் போய்விட்டான்.

ஊதல் ஒலித்தது. குளத்தில் கற்றதெல்லாம் முதல் ஐம்பது மீட்டரில் என்னைவிட்டுப் போயிற்று. குளத்தின் அடியில் கருங்கோடு இருந்தது. அதைப் பார்த்து நேராக நீந்தலாம். இங்கே கீழே பார்த்தால் பச்சை இருள். களைத்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. ஒருவர் கால் என் தோளில் இடித்தது. மற்றவர்களின் வேகத்தைக் கண்டு நானும் விரைந்து கையை வீசினேன். ஏறத்தாழ இருநூறு மீட்டரில், முதல் மிதவையை அடையுமுன், நெஞ்சு படபடத்து மூச்சு நின்றது. அந்தப் பச்சை வெளிச்சம் கிணற்றின் வெளிச்சமாயிற்று.

போட்டிக்கு முந்தின மாலையில் விதிகளை விளக்கியபோது ஒன்று சொல்லியிருந்தார்கள். நீச்சலில் களைத்தால் ஒரு கையை உயர்த்துங்கள். கயாக் என்னும் சிறு படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இளைப்பாறலாம். படகு உங்களை முன்னோக்கி இழுத்துச் செல்லாதவரை நீங்கள் போட்டியிலிருந்து நீக்கப்படமாட்டீர்கள் என்பதே அது. அதைக் கேட்டபோது எனக்கு அல்ல, வேறு யாருக்கோ சொல்லப்படுவதாக எண்ணியிருந்தேன்.

வாசகர்களே, கைகளை உயர்த்துவது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ஆராதனையிலும் சபையாரை நோக்கிக் கரங்களை உயர்த்தச் சொல்லுகிறவன் நான். ஆனால் மனிதர்களுக்கு முன்பாக, "என்னால் முடியவில்லை, உதவி செய்யுங்கள்" என்று ஒரு கையை உயர்த்த என்னால் இயலவில்லை. சில விநாடிகள்தாம். அந்தச் சில விநாடிகளில் இரண்டு வாய் நீரைக் குடித்துவிட்டேன். அதன்பின்தான் கை மேலே போயிற்று.

இருபது வயதுகூட நிரம்பாத ஒரு மராத்தி வாலிபன் துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். "காகா, காபரூ நகா" என்றான். சித்தப்பா, பயப்படாதீர்கள் என்று பொருள். படகின் முனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னை அவசரப்படுத்தவில்லை. போட்டியை விட்டுவிடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை. முகத்தை நீருக்குள் வைத்து ஒருமுறை ஊதினேன். பின்பு இன்னொருமுறை. பத்துமுறை ஊதியபின் பச்சை நிறம் வெறும் ஏரித் தண்ணீராயிற்று. ஏறக்குறைய மூன்று நிமிடம் அப்படியே இருந்தேன். பிறகு கையை விட்டேன்.

அதன்பின் எவரையும் பார்க்கவில்லை. எட்டுக் கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை நீர்மட்டத்துக்குமேல் உயர்த்தி மிதவையை மாத்திரம் பார்த்து, பழகிய வேகத்தில் நீந்தினேன். இன்னும் ஒருமுறை, இரண்டாம் மிதவையருகே, கையை உயர்த்தி நின்றேன். இம்முறை அது கடினமாயிருக்கவில்லை. 29 நிமிடத்தில் கரையேறினேன். கெடு 35 நிமிடம்.

மாற்றிடமும் சாலையும்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுமிடத்தை டிரான்சிஷன் என்கிறார்கள். இந்தப் போட்டியின் நான்காவது பகுதி என்றே அதைச் சொல்லுவதுண்டு. ஈர உடலோடு, தலை சுற்ற, நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே என்னுடையதைத் தேடினேன். ஹெல்மெட்டை அணிந்து வாரைப் பூட்டிய பின்பே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டும்வரை ஏறக்கூடாது. கால்களைத் துடைத்துக் காலுறை அணிவதற்குள் ஏழு நிமிடம் சென்றுவிட்டது. தேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறுவதில் நேரம் செல்லும் என்பதை, ஊர் மாறி வந்த நமக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

சைக்கிள் பயணம் இன்பமாயிருந்தது. சபைச் சகோதரர் ஒருவர் இரவலாகத் தந்த பழைய கியர் சைக்கிள். விலையுயர்ந்த வண்டிகள் காற்றைக் கிழிக்கும் ஒலியோடு என்னைக் கடந்தன. எங்கள் போட்டியில் முன்செல்பவரை ஒட்டி, அவர் மறைவில் காற்றெதிர்ப்பின்றி ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. இடைவெளி விட வேண்டும். அவரவர் காற்றை அவரவரே தாங்க வேண்டும். 56 நிமிடத்தில் இருபது கிலோமீட்டர் முடிந்தது.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட முயன்றபோது கால்கள் எனக்குரியவையாக இல்லை. ஒரு மணி நேரம் வட்டமாகச் சுழன்று பழகிய தசைகள், உடலின் பாரத்தைத் தாங்கி முன்னோக்கி ஓடும் அசைவுக்கு உடனே திரும்புவதில்லை. செங்கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தானே சரியாகும் என்று முன்பே அறிந்திருந்ததால் பயப்படவில்லை. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வகுத்துக்கொண்டேன்.

மகன் வெகுநேரத்துக்கு முன்பே முடித்திருந்தான். முடித்தவர்கள் வந்து பக்கத்தில் ஓடித் துணைசெய்வது விதிக்கு விரோதமானது. ஆகையால் மூன்றாம் கிலோமீட்டர் அருகே சாலையோரத்தில் நின்றிருந்தான். கழுத்தில் பதக்கம் இருந்தது. பாராட்டியோ உற்சாகப்படுத்தியோ கூவவில்லை. நான் கடக்கும்போது, "மூச்சை விடுங்கள் அப்பா" என்று மட்டும் சொன்னான். குளத்தில் சொன்ன அதே வார்த்தை. சற்றுத் தூரம் போனபின் நான் அழுதுகொண்டிருப்பதை அறிந்தேன். வியர்வையில் எவரும் கண்டிருக்கமாட்டார்கள்.

மொத்தம் 2 மணி 21 நிமிடம். எனக்குப் பின்னால் மூன்றே பேர். கோட்டைத் தாண்டியவுடன் யாரோ என் கழுத்திலும் பதக்கம் போட்டார்கள். மகன் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். ஏரியில் நான் கை உயர்த்தியதைச் சொன்னேன். "நானும் முதல் போட்டியில் உயர்த்தினேன் அப்பா. வீட்டில் சொல்லவில்லை" என்றான். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒரே காரியத்தை மறைத்து வைத்திருந்தோம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் எல்லோரும் டிரையத்லானுக்குப் போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. போக விரும்புகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்யாமல் இறங்கவேண்டாம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நிகழ்ந்த மரணங்களையும் திடீர் இதயத்துடிப்பு நிறுத்தங்களையும் ஆராய்ந்தவர்கள் கண்ட 135 நிகழ்வுகளில், 90 நீச்சலின்போது நேர்ந்தவை. ஆகவே காவற்படகு இல்லாத நீர்நிலையில் தனியாகப் பயிற்சி செய்யாதிருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், நெடுநேரப் பயிற்சியில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதை நினைவில் வைத்து, இனிப்பு ஏதாவது கையில் வைத்திருங்கள். விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம். நல்ல ஹெல்மெட் வேண்டும். தொடக்கத்தில் மற்றவருடைய வேகத்தில் போகாதேயுங்கள்.

ஆனால் போட்டிக்கே போகாதவர்களுக்கும் ஒன்று உண்டு. இந்தப் பெருநகரங்களில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டே வாழ்கிறோம். கடன், நோய், வேலையில் நடுக்கம், பிள்ளைகளோடு பேச்சில்லாத வீடு ஆகியவற்றில் எதையும் ஊருக்கும் உறவுக்கும் தெரியாமல் காத்துக்கொள்வதே கௌரவம் என்றிருக்கிறோம். மூழ்கும் நேரத்திலும் கை மேலே போவதில்லை. கையை உயர்த்தி இளைப்பாறினவன் போட்டியிலிருந்து நீக்கப்படுவதில்லை என்று அந்த விதிப்புத்தகம் சொல்லுகிறது. நம் வீட்டிலும் சபையிலும் அந்த விதி நடைமுறையில் இருக்கிறதா? கை உயர்த்துகிறவனிடம், அவசரப்படுத்தாமல், "பயப்படாதே" என்று படகைக் கொண்டு நிறுத்துகிறவர்கள் நம்மில் இருக்கிறோமா? முதலில் என்னையே இப்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவிருக்கிறேன். இம்முறை இஸ்த்மியப் போட்டிகளைப் பற்றிக் குறைவாகவே பேசுவேன். கிணற்றைப் பற்றிச் சபையாருக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.